டேலி ஆச்சு, ஆனா தப்பு

பி.காம். படிக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகும்போது வருகிற சந்தோஷம் தனி. பரீட்சை ஹாலில் இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்துவிட்டால், அடியில் இரட்டைக் கோடு போடும்போது கை லேசாக ஆடும். அப்படி டேலி ஆன ஒரு கணக்கை நம்பி, என்னைவிட இருபது வயது மூத்த ஒரு அக்காவிடம் "நீங்கதான் மறந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். கதை முடிந்ததும் கொஞ்சம் கருத்தும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள் :)

எங்கள் வகுப்பில் வழக்கமான பாடங்களோடு ஒரு திறன் பயிற்சியும் உண்டு. எனக்குக் கிடைத்தது யூ.எக்ஸ். டிசைன். யூசர் எக்ஸ்பீரியன்ஸ் என்பதன் சுருக்கம். பெயரைக் கேட்டதும் ஏதோ கலர் அடிக்கிற வேலை என்று நினைத்தேன். அது இல்லையாம். ஒரு பொருளை ஒருத்தர் கையில் கொடுத்தால் அவருக்கு எங்கே குழப்பம் வரும், எதை அழுத்துவார், தப்பாக அழுத்திவிட்டால் என்ன ஆகும், இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து அமைப்பதுதான் அந்த வேலை. கடைசியில் நிஜமான ஆட்களுக்காக ஒரு சின்ன ப்ராஜெக்ட் செய்து காட்ட வேண்டும்.

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், கல்லூரி ராஜபாளையம். நடுவில் அரை மணி நேர பஸ். ப்ராஜெக்ட் என்றதும் எங்கள் ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் பால்கோவா கடைக்கு ஆர்டர் ஆப் என்று கிளம்பிவிட்டார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டதா, பால்கோவாவை விட்டால் எங்களுக்கு வேறு தலைப்பே கிடையாது. நான் கொஞ்சம் வித்தியாசமாகச் செய்கிறேன் பேர்வழி என்று அம்மாவின் சிநேகிதி ஒருவரைப் பிடித்தேன். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ராஜபாளையத்தை ஒட்டி ஒரு சின்ன தையல் யூனிட் வைத்திருக்கிறார்.

வெளியூர் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. ராஜபாளையம் என்றால் நாய் மட்டும் இல்லை. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பித்த பஞ்சாலையில் தொடங்கி, சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி, தளவாய்புரம், முகவூர்ப் பக்கத்து நைட்டி என்று இந்த வட்டாரமே நூலிலும் துணியிலும்தான் ஓடுகிறது. அத்தையின் யூனிட்டிலும் நைட்டிதான். பதினான்கு பெண்கள். கட்டிங் மாஸ்டர் வெட்டிக் கொடுக்கிற துணிக் கட்டை வாங்கித் தைத்துத் தர வேண்டும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி, சனிக்கிழமை சம்பளம். மாதச் சம்பளமும் இல்லை, மற்ற சலுகையும் இல்லை. தைத்த பீஸின் எண்ணிக்கைதான் அவர்கள் சம்பளம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை அந்தக் கணக்கை ஒரு லாங்சைஸ் நோட்டில் வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு பக்கம். சாயங்காலம் ஒவ்வொருவராக வந்து தைத்ததைக் கொடுப்பார்கள். அத்தை எண்ணிப் பார்த்து, எழுதி, "உனக்கு இன்னைக்குப் பதினெட்டு, நேத்தோட சேத்து ஐம்பத்தி ரெண்டு" என்று சத்தமாகச் சொல்வார். அந்த அக்காவும் "ம்" என்பார். பக்கத்துக்கு மேலே பெயர்கூட ஒழுங்காக இருக்காது. "கண்ணாடிக்காரி", "மதுரைக்காரி" என்றுதான் எழுதியிருக்கும்.

இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'எந்தக் காலத்தில் இருக்கிறார்கள் இவர்கள்!' என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ராத்திரியில் ஒரு கூகுள் ஃபார்ம் செய்தேன். பெயரைப் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும், எத்தனை பீஸ் என்று எண்ணைப் போட வேண்டும், 'சப்மிட்' அமுக்க வேண்டும். அவ்வளவுதான். எல்லாம் நேராக ஷீட்டில் போய் விழுந்து, சனிக்கிழமை கூலி தானாகக் கணக்காகிவிடும். ஒரு பழைய போனை மேஜை மேல் வைத்தாயிற்று. கேண்டீனில் நண்பர்கள் ஆறு பேரிடம் கொடுத்துச் சோதித்தேன். ஆறு பேரும் சில நொடிகளில் முடித்துவிட்டார்கள். 'யூசர் டெஸ்டிங்: வெற்றி' என்று ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டேன். அந்த ஆறு பேரில் ஒருத்தனும் வாழ்க்கையில் ஒரு நைட்டி தைத்தவன் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே ஓடியது. மூன்றாவது வாரத்தில் ஒரு அக்காவுக்குக் கூலி குறைந்தது.

அந்த யூனிட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் அம்மன் பெயர். நிஜப் பெயர் வேண்டாம், மேலத்தெரு அக்கா, கீழத்தெரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். இருவரும் பக்கத்துப் பக்கத்து மிஷின். மதியம் ஒரே தூக்குவாளியில் பங்கு போட்டுச் சாப்பிடுகிற சிநேகிதம்.

கூலி குறைந்தது மேலத்தெரு அக்காவுக்கு. அந்த வாரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "போன்ல வந்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் தம்பி" என்றார். அடுத்த வாரமும் குறைந்தது. அது ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை. வீட்டுக்கு ஆள் வருகிற நேரம், கையில் காசு வேண்டிய நேரம். அப்போதுதான் கேட்டார். சில நாள் அவர் பேரில் கணக்கே இல்லாததை அத்தையும் பார்த்திருக்கிறார். பிரித்துத் தைக்கிற வேலையில் இருந்திருப்பாள், அதைத்தான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லையே என்று விட்டுவிட்டாராம். இப்போது என்னைக் கூப்பிட்டார்.

நான் போனேன். ஷீட்டைத் திறந்தேன். கட்டிங் மாஸ்டர் அந்த வாரம் கொடுத்த மொத்த பீஸ் எவ்வளவு, எல்லோரும் பதிவு செய்த மொத்த பீஸ் எவ்வளவு என்று கூட்டினேன். இரண்டும் ஒன்று. ஒரு பீஸ்கூட வித்தியாசம் இல்லை. எனக்குள் இருந்த காமர்ஸ்காரன் இரட்டைக் கோடு போட்டுவிட்டான்.

"கணக்கு டேலி ஆகுதே அக்கா. ரெண்டு மூணு நாள் நீங்க போட மறந்திருப்பீங்க" என்றேன்.

அவர் எதுவும் சொல்லவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்ததை அத்தை சொல்லித்தான் தெரியும். கீழத்தெரு அக்காவுக்கு அந்த இரண்டு வாரமும் கூலி கூடுதலாக வந்திருக்கிறது. பழைய பாக்கி ஏதோ சேர்த்துத் தருகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். எப்படியோ இது வெளியே வர, சாப்பாட்டு நேரத்தில் வாய்த்தகராறு. திரும்ப எழுத முடியாத ஒரு வார்த்தையை மேலத்தெரு அக்கா சொல்லிவிட்டார். கீழத்தெரு அக்கா இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

நான் ஷீட்டைத் திறந்து திறந்து பார்த்தேன். ஷீட்டில் ஒரு தப்பும் இல்லை. அப்போதுதான் பயிற்சி வகுப்பில் சார் முதல் நாளே சொன்னது ஞாபகம் வந்தது. "அவங்க பயன்படுத்தும்போது பக்கத்துல உட்காருங்க. கையைக் கட்டிக்கோங்க. வாயைத் திறக்காதீங்க." முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அந்த வாரம்தான் செய்தேன்.

சாயங்காலம் மேலத்தெரு அக்கா போன் முன்னால் வந்து நின்றார். பட்டியலைத் திறந்தார். விரலால் தள்ளிக் கடைசிக்குப் போனார். அப்புறம் கீழேயிருந்து மேலே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி மூன்றாவது பெயரைத் தொட்டார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பெயர்களை நான் ஆங்கிலத்தில், அகர வரிசையில், இனிஷியலோடு போட்டிருந்தேன். அக்காவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். இங்கிலீஷ் தெரியாது. முதல் நாள் யாரோ "உன் பேரு கீழேருந்து மூணாவது" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்தே காலம் தள்ளியிருக்கிறார். நடுவில் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தார். அவர் பெயரை நான் வீட்டில் உட்கார்ந்துகொண்டே பட்டியலில் சேர்த்தேன். அகர வரிசைப்படி அது கடைசியில் போய் உட்கார்ந்தது. கீழேயிருந்து மூன்றாவதாக இருந்த மேலத்தெரு அக்கா நான்காவது ஆனார். மூன்றாவது இடத்துக்குக் கீழத்தெரு அக்கா வந்துவிட்டார். பெயரும் ஒன்றே, இனிஷியல் மட்டும்தான் வேறு. திரையில் பார்த்தால் அவர் பெயர் மாதிரியேதான் தெரியும். கட்டிங் மாஸ்டர் பக்கத்தில் இருந்து போட்டுக் கொடுத்த நாள்களில் கணக்குச் சரியாக விழுந்தது. அவர் இல்லாத நாள்களில் சிநேகிதி பேரில் விழுந்தது. சப்மிட் அமுக்கியதும் என் ஃபார்ம் என்ன சொல்லும் தெரியுமா? 'யுவர் ரெஸ்பான்ஸ் ஹேஸ் பீன் ரெக்கார்டட்.' யார் பேரில், எத்தனை என்று ஒரு வார்த்தை கிடையாது.

துணிக் கட்டோடு வரும் சீட்டுகளை அக்கா ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதை வைத்து எண்ணினோம். இரண்டு வாரத்தில் 64 பீஸ் இடம் மாறியிருந்தது.

இந்த இடத்தில் வகுப்புத் தோழர்கள் சிரிக்கலாம். ஏனென்றால் இது அப்படியே நம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. 'ட்ரையல் பேலன்ஸ் வெளிக்காட்டாத பிழைகள்' என்று ஒரு கேள்வி உண்டல்லவா? விடுபிழை, செய்பிழை, ஈடுசெய் பிழை, கோட்பாட்டுப் பிழை என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோமே! ராமன் கணக்கில் பற்று வைக்க வேண்டியதை ரமணன் கணக்கில் பற்று வைத்தால் மொத்தம் மாறாது, இருப்பாய்வு பாட்டுக்கு டேலி ஆகும், ஆனால் இரண்டு பேர் கணக்கும் தப்பு. அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன்தான் நான். அதே பிழை ஒரு அக்காவின் முகத்தோடு எதிரில் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்டபோது அந்த அக்கா கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எலெக்‌ஷன்ல நான் ஒரு நாளும் மாத்திப் போட்டதில்லையே தம்பி. இதுல எப்பிடி மாறிப்போச்சு?"

இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. அங்கேயும் ஒரு பெயர்ப் பட்டியல், இங்கேயும் ஒரு பெயர்ப் பட்டியல். அதில் தப்பாத விரல் இதில் ஏன் தப்பியது?

தேடிப் படித்தேன். நம் நாட்டின் மிகப் பெரிய யூ.எக்ஸ். ப்ராஜெக்ட் எந்த ஆப்பும் இல்லை, வாக்குச்சாவடிதான் என்று இப்போது நினைக்கிறேன். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் சுமார் 17 கோடி வாக்காளர்கள். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, பெட்டியில் சின்னத்தை ஒட்டச் செய்தார். சீட்டில் எதுவும் எழுத வேண்டாம், பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் போட்டால் போதும்.

ஆனால் அந்த முதல் முயற்சியிலும் ஒரு பெரிய சறுக்கல் உண்டு. வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனவர்களிடம் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றுதான் பதிவாகியிருந்தது. அப்படிப்பட்ட பெயர்கள் செல்லாது என்று நீக்கியதில் சுமார் 28 லட்சம் பெண்களுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லாமல் போனது. ஒரு பெண் தன் சொந்தப் பெயரில்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கொள்கை சரி, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஆளிடம் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லாத வீட்டில் போய், 'பெயர் என்ன?' என்பதை ரொம்பச் சுலபமான கேள்வி என்று நினைத்தார்களே, அங்கேதான் இடறியது. என் ஃபார்மின் முதல் கேள்வியும் பெயர்தான்.

1960-களில் தனித்தனிப் பெட்டி போய், எல்லாச் சின்னமும் உள்ள ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறை வந்தது. அதற்கும் ஒரு எல்லை உண்டு என்பதை நம் தமிழ்நாடே காட்டியது. 1996-ல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் மிஷின். இதில் நம்மவர் ஒருவர் சம்பந்தப்பட்டிருக்கிறார். எழுத்தாளர் சுஜாதாதான். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியர் ரங்கராஜனாக இருந்தபோது வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியமான பங்கு அவருடையது. (ஆண்டாள் எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் போனாள், ஸ்ரீரங்கத்துக்காரர் எங்களுக்கு ஓட்டு மிஷின் அனுப்பினார். கணக்கு நேர்!) 1982 மே மாதம் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக அதைப் பயன்படுத்தினார்கள். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவை ரத்து செய்து, அந்தச் சாவடிகளில் மறுபடி தேர்தல் நடந்தது. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மிஷின், 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க மிஷின். ஆரம்பித்ததற்கும் நாடு முழுக்க வந்ததற்கும் நடுவில் 22 வருஷம். நான் ஒரே ராத்திரியில் ஃபார்ம் போட்டவன்.

அடுத்த தடவை ஓட்டுப் போடும்போது அந்த மிஷினைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெயர், அதன் பக்கத்திலேயே சின்னம், அதற்கு நேராக ஒரு நீல பட்டன். அழுத்தினால் அந்த வரிசையிலேயே சிவப்பு விளக்கு எரியும், பீப் சத்தம் வரும். பார்வையற்றவர்களுக்கு பிரெயில் எண். அதுவும் போதவில்லை என்று, யாருக்குப் போட்டோம் என்பதை அச்சிட்டு 7 விநாடி காட்டும் இயந்திரம் 2013-ல் முதலில் நாகாலாந்தில் ஒரு இடைத்தேர்தலில் வந்தது. 2015-லிருந்து வேட்பாளர் புகைப்படமும் உண்டு. எதற்காகத் தெரியுமா? ஒரே பெயரில் இரண்டு பேர் நின்றால் வாக்காளர் குழம்பக் கூடாது என்பதற்காக! 2024 மக்களவைத் தேர்தலில் பக்கத்து ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது அதே பெயரில் வேறு சிலரும் நின்றது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ஆக, என்னுடைய 'ஒரே பெயர்' பிரச்சினை புதுசே இல்லை. நாட்டில் ஏற்கெனவே விடை கண்டுபிடித்து வைத்திருந்த கேள்வி. நான்தான் படிக்கவில்லை.

பணக்கார நாடு என்றால் தப்பு நடக்காது என்றும் இல்லை. 2000-ல் அமெரிக்க அதிபர் தேர்தல். ஃப்ளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் வயதானவர்கள் நிறைய என்பதால் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்காமல் இரண்டு பக்கமாக விரிந்தன, துளைகள் நடுவில். இடப்பக்கம் இரண்டாவதாக இருந்த அல் கோருக்கு மூன்றாவது துளை. இரண்டாவது துளை, வலப்பக்கம் இருந்த புக்கானனுக்கு. அந்தக் கவுண்டியில் மட்டும் புக்கானனுக்கு 3,407 ஓட்டு விழுந்தது. தெரியாமல் போட்டுவிட்டோம் என்று பலர் புலம்பினார்கள். ஃப்ளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில், அதோடு அதிபர் பதவியும் அவருக்கு. அந்தச் சீட்டையும் யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில்தான் வடிவமைத்தார். அங்கேயும் மொத்த ஓட்டு சரியாகத்தான் டேலி ஆகியிருக்கும்.

சரி, நம்ம யூனிட்டுக்கு வருவோம். ஃபார்மைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்த முறை அத்தையிடம் கேட்காமல் தைக்கிற அக்காக்களிடம் போய் உட்கார்ந்தேன். முதல் தடவை நான் பேசியது அத்தையிடம் மட்டும்தான். ஆர்டர் கொடுத்தவர் அவர், ஆனால் தினமும் அதைத் தொடுகிறவர்கள் இவர்கள். இது எனக்கு நாலு வாரம் கழித்துத்தான் புரிந்தது.

போட்டோ போடலாமா என்றேன். வேண்டவே வேண்டாம் என்றார்கள். அப்போது ஒருவர் "எலெக்‌ஷன் மாதிரி ஆளுக்கொரு சின்னம் வச்சுக்கிடுவோம்" என்றார். அன்றைக்கு யூனிட்டில் எழுந்த சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும். ஒருவர் குத்துவிளக்கு, ஒருவர் சைக்கிள், ஒருவர் தையல் மிஷினேதான் வேண்டும் என்றார். மேலத்தெரு அக்கா ஆண்டாள் கையில் இருக்கிற கிளியை எடுத்துக்கொண்டார். இப்போது திரையில் பெரிய கட்டங்கள். சின்னம், அதன் கீழே அவர்கள் கூப்பிடுகிற பெயர் தமிழில். யார் புதிதாக வந்தாலும் அவருக்குக் கடைசிக் கட்டம், பழைய கட்டம் எதுவும் இடம் மாறாது. எண்ணைப் போட்டதும் 'கிளி - 18' என்று திரை முழுக்க வரும். சரி என்றால் பச்சை, இல்லை என்றால் திரும்பப் போய் மாற்றலாம். மாற்றினால் பழையதும் அழியாது, இரண்டும் ஷீட்டில் இருக்கும். பிழைத்திருத்தப் பதிவு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்த அதே விஷயம். கணக்கில் எதையும் சுரண்டி அழிக்கக் கூடாது, திருத்தத்தைத் தனியாக எழுத வேண்டும்.

இன்னொன்றும் செய்தேன். அத்தையின் லாங்சைஸ் நோட்டைத் திரும்ப மேஜைக்குக் கொண்டுவந்தேன். சாயங்காலம் அத்தை பழையபடி சத்தமாக வாசிக்கிறார். நான் சிரித்தேனே, அந்த நோட்டு ஒரு நல்ல டிசைன். ஆளுக்கொரு பக்கம், இடம் மாறாது. கூப்பிடுகிற பெயர், குழப்பம் வராது. சத்தமாகச் சொல்வது, தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கடைகளில் க்யூ.ஆர். அட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "இவ்வளவு ரூபாய் பெறப்பட்டது" என்று கத்துகிறதே ஒரு குட்டி ஸ்பீக்கர், அது செய்வதும் அத்தை செய்ததும் ஒரே வேலைதான்.

இப்போது என் கருத்து. 'யூசர் எரர்' என்ற வார்த்தையை நாம் ரொம்பச் சுலபமாகச் சொல்கிறோம். பயன்படுத்துகிறவர் செய்த தப்பு என்று அர்த்தம். அந்த வார்த்தையைச் சொன்ன நிமிஷத்தில் தப்பின் செலவு டிசைன் செய்தவன் தலையிலிருந்து இறங்கி எதிரில் இருப்பவர் தலையில் ஏறிவிடுகிறது. பெரும்பாலும் அதைத் தாங்க முடியாதவர் தலையில். என் தப்புக்கு எனக்குப் போனது ரிப்போர்ட்டில் கொஞ்சம் மார்க். மேலத்தெரு அக்காவுக்குப் போனது 64 பீஸ் கூலி, அதுவும் தேர்ச் செலவு நேரத்தில். செலவு என்றால் யார் கணக்கில் எழுத வேண்டும் என்று படிக்கிற நாமாவது இதை யோசிக்க வேண்டாமா?

'பழகினால் சரியாகிவிடும், கொஞ்சம் சொல்லிக் கொடுத்தால் போதும்' என்று என் நண்பன் ஒருவன் வாதாடினான். அதில் பாதி உண்மை. பழக்க வேண்டும்தான். ஓட்டு மிஷினையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் செய்து காட்டுகிறார்கள். ஆனால் மேலத்தெரு அக்கா பழகாதவர் இல்லை. நன்றாகப் பழகிவிட்டார், மூன்றாவது இடம் என்று. பழகியதை மாற்றியது நான். மாற்றியதைச் சொல்லாமல் விட்டதும் நான்.

எல்லாத் தப்பையும் டிசைன் தடுத்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. மனுஷன் என்றால் விரல் தவறும். ஒரு நல்ல டிசைனுக்கு நான் இப்போது கேட்கிற கேள்வி இவ்வளவுதான்: தப்பு நடந்தால், தப்பு செய்தவருக்கே அது உடனே தெரியுமா? யார் முன்னாலும் தலைகுனியாமல் அவரே அதைத் திருத்திக்கொள்ள முடியுமா? என் முதல் ஃபார்ம் இரண்டிலும் ஃபெயில். அதை முதல் நாளே கண்டுபிடிக்க எந்தச் சாப்ட்வேரும் தேவைப்பட்டிருக்காது. அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

காசு விஷயம் முடிந்துவிட்டது. மேலத்தெரு அக்காவுக்கு வர வேண்டியதை அத்தை அன்றே கொடுத்துவிட்டார். கீழத்தெரு அக்காவும் கூடுதலாக வந்ததை இரண்டு மூன்று வாரத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். 64 பீஸும் அதனதன் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்கு டேலி.

போன வாரம் யூனிட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு அக்காவும் பேசிக்கொள்கிறார்கள். நூல் கேட்டால் கொடுக்கிறார்கள், கத்தரி வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் மதியச் சாப்பாடு இப்போது தனித்தனித் தூக்குவாளியில்தான். அதற்குத் திருத்தப் பதிவு எப்படிப் போடுவது என்று நம் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

டிஸ்கி: ப்ராஜெக்ட்டுக்கு ஓரளவு நல்ல மார்க்தான் வந்தது. 'தவறிலிருந்து கற்றுக்கொண்ட விதம் நன்று' என்று சார் எழுதியிருந்தார். கற்றுக்கொண்டது நான். ஃபீஸ் கட்டியது வேறு ஒருத்தர்.